காற்றின் மேல் பழி

புகோன் நகர மண்டப வாசலில்
எரிமலைக்கென்றே ஒரு சிக்னல் விளக்கு.
காலை ஆறரைக்குப் பச்சை.
அதன் கீழே ஒரு நாய் சுருண்டு தூங்கியது.

வாடகை பூட்ஸ் தந்தார்கள்.
என்னுடையதன் நாக்கில் யாரோ நீல மையில்
ஸ்பானிஷில் ஒரு வரி எழுதியிருந்தார்.
பொருள் கேட்காமல் மாட்டிக்கொண்டேன்.
முதல் மணி நேரத்திலேயே இடது கால்
மொழிபெயர்த்துவிட்டது:
'இது கடிக்கும்.'

பதினோரு பேர், மூன்று வழிகாட்டிகள்.
விதியை வேனிலேயே சொன்னாள் யெசேனியா பாய்னெமால்:
ஒருவர் திரும்பினால்
ஒரு வழிகாட்டி அவரோடு இறங்குவார்.
இன்னொருவரும் திரும்பினால் எல்லோரும் இறங்க வேண்டும்.
சந்தேகம் உண்டா என்றாள்.
யாருக்கும் இல்லை.
அடுத்தவர் முழங்காலை ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டோம்.

கருஞ்சரளை.
ஓரடி வைத்தால்
அரையடியை வட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மலை.
அப்புறம் பனி.
காலில் கிராம்பான் முட்களைக் கட்டியதும்
ஒரே பந்தியில் பதினோரு பேர்
அப்பளம் நொறுக்கும் சத்தம்.

பழைய லிஃப்ட் நிலையத்தின் சிமெண்ட் எலும்பருகே
பிரேசில் பல் மருத்துவர் எடில்சன் உட்கார்ந்தார்.
கீழே ஏரியைக் காட்டி
'எனக்கு இது போதும்' என்றார்.
அவ்வளவு சுலபமாக.
எலிசெயோ அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.
மிச்சம் இரண்டு வழிகாட்டிகள்,
என் வலது முழங்கால்.

எனக்கு முன்னால் ரிகோபெர்ட்டோ,
தால்கா ஊரில் பஸ் மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு.
மூன்று முறை வந்தாராம்,
மூன்று முறையும் மேகம் திருப்பி அனுப்பியதாம்.
'இன்றைக்கு வானத்தைப் பார்' என்று
ஒவ்வொரு ஓய்விலும் என் தோளைத் தட்டினார்.
பார்த்தேன்.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

மூன்றாவது ஓய்வு.
நான்காவது.
'என்னால் முடியவில்லை' என்பது
அவர்கள் மொழியில் இரண்டே சொல்.
மூச்சுக்கு நடுவே ஒத்திகை பார்த்தேன்.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்,
இந்த இரண்டு சொல்லுக்கு
வெந்துவிடும் போலிருந்தது.

யெசேனியா பின்னால் வந்து
பனியில் என் தடங்களைக் குனிந்து பார்த்தாள்.
ஒன்று ஆழம். ஒன்று மேலோட்டம்.
கூட்டலில் பிழை தேடுகிறவள் மாதிரி
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் கையுறைக் கையை உயர்த்தி
'காற்று திரும்புகிறது' என்றாள்.
'வாயு இந்தப் பக்கம் வரும். இறங்குகிறோம்.'
உச்சிக்கு இன்னும் இருநூறு மீட்டர்.
விளாடிமிர் மேலே பார்த்தான்,
அவளைப் பார்த்தான்,
கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பெல்ஜியத் தம்பதி காற்றைத் திட்டினார்கள்.
ஆளுக்கொரு மொழியில் எல்லோரும் திட்டினார்கள்.
எல்லோரையும் விட உரக்கத் திட்டியது நான்.
ரிகோபெர்ட்டோ மட்டும் பேசவில்லை.
மாண்டரின் ஆரஞ்சு ஒன்றை உரித்து
வரிசையாக ஒவ்வொரு சுளை கொடுத்தார்.
எனக்கு இரண்டு.

பிளாஸ்டிக் தட்டை அடியில் வைத்து
பனிச்சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கினோம்.
ஐந்து மணி நேர ஏற்றம்
முக்கால் மணியில் முடிந்தது.
முழங்காலுக்கு வேலையே இல்லை.
கூச்சல் போட்டுச் சிரித்தேன்,
அதை இப்போது நினைத்தால்தான் கூசுகிறது.

சாயங்காலம் கடை வாசலில் திரும்பிப் பார்த்தேன்.
உச்சியில் புகை நேராக நின்றது,
ஊசியில் கோக்கப் பிடித்த நூல் போல.
எப்போதிலிருந்து அப்படி?
யெசேனியா கிராம்பான்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினோரு ஜோடி. கணக்கு சரி.
நிமிரவில்லை.

பேனா ஒன்று கேட்டு வாங்கினேன்.
இடது பூட்ஸின் நாக்கில்
அந்த நீல வரிக்குக் கீழே
'ஆமாம்' என்று எழுதிவைத்தேன்,
தமிழில்.